படம் வரட்டும், அப்புறம் பல்

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் எனக்கு மூன்று வேலை. நோயாளிகளை வரிசைப்படி கூப்பிடுவது, கருவிகளைக் கழுவிக் கொதிக்கவைப்பது, அழுகிற பிள்ளைகளிடம் "வலிக்காதுடா கண்ணு" என்று சொல்வது. முதல் இரண்டையும் கை கால் உள்ள யாரும் செய்துவிடலாம். மூன்றாவதற்குத் தனி முகம் வேண்டும். அந்த முகம் எனக்கு வாய்த்திருக்கிறது என்று டாக்டர் சொல்வார்.

அந்த முகத்துக்குள், இடது கீழ்க் கடைவாயில், ஒரு பல் ஓட்டையாகிக் கிடந்தது யாருக்கும் தெரியாது. கிராம்பை அடக்கிக்கொண்டு காலத்தை ஓட்டினேன். அந்த இடம் முழுக்கவே கிராம்புத் தைலம் மணக்கும் என்பதால் என்னை யாரும் தனியாக மோந்து பார்க்கவில்லை. பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள் பல்லுக்குப் பயப்படலாமா என்று சிரிப்பவர்கள், தினமும் அந்த இடுக்கிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிவிட்டு வந்து சிரிக்கட்டும். நோயாளிக்கு அது வெறும் பல் பிடுங்கல். எனக்கோ எந்தப் பல்லுக்கு எந்த இடுக்கி, அதை முதலில் எந்தப் பக்கம் அசைப்பார்கள், அப்போது என்ன சத்தம் வரும் என்பது வரை அத்துப்படி. அந்த நாற்காலியைத் தினமும் துடைக்கிறேன். ஒரு நாள்கூட அதில் சாய்ந்ததில்லை.

டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். என்னை அக்கா என்பார். கைராசிக்காரர். ஆனால் வானத்துப் பைத்தியம். அந்தச் சமயம் புதிதாக ஒரு தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் காலையில் மருத்துவமனையைத் திறப்பதற்குள் டாக்டர் அதன் படத்தை ஹால் சுவரில் ஒட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இது முதல் படம் அனுப்ப மாசக்கணக்காகும் அக்கா. கண்ணாடியை விரிக்கணும், குளிர வைக்கணும், சரி பண்ணணும். உலகமே காத்திட்டிருக்கு. நம்ம ஹால்லயும் பிள்ளைங்க காத்திட்டுத்தானே இருக்கு? ரெண்டையும் சேர்த்துட்டா அதுங்க அழாது."

சேர்த்தால் ஹாலைப் பெருக்குவது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதலில் கண்ணாடி. அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடி ஒரே கண்ணாடி இல்லையாம். ஆறு பக்கம் உள்ள துண்டுகள் தேன்கூடு மாதிரி சேர்ந்து ஒன்றாகுமாம், மேலே தங்கப் பூச்சாம். கையுறை வந்த அட்டைப்பெட்டிகளைப் பிள்ளைகள் வெட்டி, மிட்டாய்த் தாளை ஒட்டினார்கள். மிட்டாய்த் தாள் வேண்டுமென்றால் யாராவது மிட்டாயைத் தின்றாக வேண்டும். பல் மருத்துவமனையில் உட்கார்ந்து, படிப்பு என்ற பெயரில், பிள்ளைகள் ஜாடி ஜாடியாக மிட்டாய் தின்றார்கள். டாக்டர் "வாவ், சூப்பர்" என்று கை தட்டினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்புறம் வெயில் மறைப்புத் திரை. அது முடியைப் போல மெல்லிசாம், அடுக்கடுக்காக மடித்து அனுப்பி அங்கே போய்க் கிழியாமல் விரிக்கணுமாம். அதற்கு என்ன எடுத்தார்கள் தெரியுமா? நோயாளியின் கழுத்தில் நாங்கள் கட்டுகிற காகித விரிப்பு. நான் ஒரு நிமிஷம் தொலைபேசியில் பேசிவிட்டுத் திரும்பினால் பெட்டி காலி. அன்றைக்கு வேர் சிகிச்சைக்கு வந்த வங்கி மேலாளர் கழுத்தில் நான் குப்பைப் பையைக் கட்டினேன். மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. வாய் மரத்துப் போயிருந்தது.

ரிமோட் விஷயம் இன்னும் மோசம். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைத்தான் அந்தத் தொலைநோக்கி பார்க்குமாம். டிவி ரிமோட்டை அமுக்கிக்கொண்டே அதன் முனையை ஃபோன் கேமராவில் பார்த்தால் நமக்கும் அந்த மாதிரி ஒரு வெளிச்சம் தெரியும் என்று டாக்டர் காட்டிக்கொடுத்தார். உண்மைதான், நானும் பார்த்தேன், ஊதாவாக மின்னியது. அதோடு விட்டார்களா? ஏசி ரிமோட்டையும் எடுத்து அமுக்கிப் பார்த்ததில் ஒரு மத்தியானம் முழுக்க நாங்கள் மாறி மாறி நடுங்கினோம், வேர்த்தோம்.

பூட்டு வந்து சேர்ந்தது இந்தக் கூத்துக்கு நடுவில்தான். முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த பெண் குழந்தை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவளுக்கு ஒரு பால்பல் சொத்தையாகி அடிவரை போயிருந்தது, எடுத்தாக வேண்டும். பிரச்சினை என்னவென்றால் நாற்காலியில் ஏறியதும் வாய் மூடிக்கொள்ளும். டாக்டர் பாட்டுப் பாடினார், பொம்மை காட்டினார், கெஞ்சினார். திறக்கவில்லை. பூட்டு என்று பெயர் வைத்ததே அவளுடைய அப்பாதான்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நானும் என் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு போனேன்.

"வலிக்காதுடா கண்ணு. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

பூட்டு உதட்டைப் பிரிக்காமலே பேசினாள். "உங்களுக்குப் புடுங்கியிருக்காங்களா?"

"எனக்கெதுக்குடா? ஆன்ட்டி பல்லெல்லாம் நல்லா இருக்கு."

"அப்ப ஏன் அந்தப் பக்கம் மெல்லவே மாட்டேங்கிறீங்க? பிஸ்கட்டைத் தண்ணில நனைச்சு நனைச்சு இந்தப் பக்கமே திங்கிறீங்க. அப்பப்ப கன்னத்தைப் புடிச்சுக்கிறீங்க."

கன்னத்துக்குப் போன கையைச் சட்டென்று இறக்கினேன். டாக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அக்கா?"

"அது... வெறும் கூச்சம் டாக்டர்."

"எங்க, உக்காருங்க பாப்போம்."

சுவரில் இருந்த படம் கண்ணில் பட்டது, வாய் தானாக உளறியது. "உக்கார்றேன். கண்டிப்பா உக்கார்றேன். அந்தத் தொலைநோக்கியோட முதல் படம் வரட்டும். அன்னிக்கு நான் முதல்ல உக்கார்றேன், எனக்கப்புறம் இவ."

"சத்தியமா?" என்றாள் பூட்டு.

"சத்தியமா."

அவள் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கிவிட்டாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தேன். என் முகத்திலும் அதேதான் இருந்திருக்கும். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மருந்து எழுதிக்கொடுத்தார். "கொஞ்ச நாள் தாங்கும். ரொம்ப நாள் தாங்காது" என்று மெக்கானிக்கிடம் சொன்னார். என்னைப் பார்த்த பார்வையே எனக்குப் போதுமாயிருந்தது.

அன்றிலிருந்து அந்தத் தொலைநோக்கி மேல் எனக்கு வந்த அக்கறையைப் பார்த்து டாக்டரே அசந்துவிட்டார். காலையில் வந்ததும் முதல் வேலை செய்தி பார்ப்பது. 'கருவி குளிர்வதில் தாமதம்' என்றால் எனக்கு அன்றைக்கு நல்ல நாள். 'எல்லாம் திட்டப்படி நடக்கிறது' என்றால் இன்னொரு கிராம்பை எடுத்து அடக்கிக்கொள்வேன். எத்தனையோ கோடிப் பேர் அது நல்லபடியாக வேலை செய்யவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் ஒரு திருகாணியாவது மாட்டிக்கொள்ளாதா என்று ஏங்கினேன். ஒருத்தி இல்லை, இரண்டு பேர். பூட்டு பள்ளி விட்டு நேராக எங்கள் ஹாலுக்கு வந்து, மேஜை மேல் தாடையை வைத்து, "இன்னிக்கு என்னாச்சு?" என்று கேட்பாள். "இன்னும் குளிரலையாம்" என்பேன். "நல்லா குளிரட்டும்" என்பாள், பெரிய மனுஷி மாதிரி.

கூடவே அவளுடைய அப்பாவும் வருவார். மகளுக்குத் துணை என்று பெயர். திரையை மடிக்கும்போது பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கி, "அப்படி இல்ல, இப்படி மடிக்கணும், லிஃப்ட் கதவு மாதிரி" என்று தரையில் மண்டியிட்டு மடித்துக்கொண்டிருப்பார். அவரை யாராவது வேலைக்குக் கூப்பிட்டால், "மேல மாட்டிக்கிட்டாங்களா? ஆள் பத்திரமா இருக்காங்களா? அப்ப கொஞ்சம் பொறுங்க" என்று ஃபோனை வைத்துவிடுவார்.

ஒருநாள் செய்தியில் ஒரு படம் வந்துவிட்டது. டாக்டர் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்தார். "வந்துருச்சு! வந்துருச்சு!"

கருப்பில் வெள்ளைப் புள்ளிகள் சிதறியிருந்தன, ஏதோ பவுடர் கொட்டின மாதிரி.

"இது என்ன?" என்றேன்.

"ஒரே நட்சத்திரம்தான் அக்கா. ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் தனித்தனியா ஒரு புள்ளி காட்டுது. இன்னும் ஒன்னா சேரல."

"சேரலன்னா இது படமே இல்லையே" என்றேன், நீதிமன்றத்தில் நிற்கிற வக்கீல் தோரணையில்.

"ஆமா, இது சோதனை" என்றாள் பூட்டு. "வெள்ளோட்டம்."

"லிஃப்ட்டை மாட்டிட்டு முதல்ல ஆள் இல்லாமத்தான் ஓட்டுவோம்" என்று மெக்கானிக்கும் சேர்ந்துகொண்டார். "அதைத் திறப்பு விழான்னு சொல்ல முடியாது டாக்டர்."

டாக்டர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கினாரா கோபத்தை அடக்கினாரா தெரியவில்லை. "சரி. அப்ப அந்தப் புள்ளிங்களை எப்படி ஒன்னாக்கறதுன்னு நாமளே செஞ்சு பாத்துரலாம்" என்றார்.

மறுநாள் மெக்கானிக் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய லிஃப்ட்டுகளில் கழற்றிய கண்ணாடியை ஆறு பக்கத் துண்டுகளாக வெட்டி, ஓரத்துக்கு டேப் ஒட்டியிருந்தார். ஹாலில் மேற்கு ஜன்னல் வழியாக மத்தியான வெயில் நன்றாக விழும். பிள்ளைகள் ஆளுக்கொரு கண்ணாடியோடு வெயிலில் உட்கார்ந்தார்கள். சிகிச்சை அறையின் கதவில் டாக்டர் காகிதப் பல் ஒன்றை ஒட்டினார். ஒவ்வொருவரும் தன் வெயில் புள்ளியை அந்தப் பல் மேல் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். கேட்க எளிது. ஒரு புள்ளி கூரையில் ஓடியது, ஒரு புள்ளி என் கண்ணிலேயே நின்றது, ஒருவன் தும்மினால் பக்கத்தில் இருப்பவனின் புள்ளியும் சேர்ந்து ஓடியது. பூட்டு எல்லாரையும் கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். "நீ கொஞ்சம் கீழ. டேய், மூச்சு விடாத!" ஒருவழியாகப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, கதவில் கண் கூசுகிற ஒரே வெளிச்சமாக நின்றது. நானே ஒரு நிமிஷம் மெய்மறந்து போனேன்.

டாக்டர் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தார். கதவைத் திறந்து தலையை நீட்டினார். "அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. புடுங்கறதெல்லாம் இல்ல. சும்மா அடைச்சு விட்டுடறேன். எல்லாம் ரெடி."

உள்ளே பார்த்தேன். நாற்காலி சாய்ந்திருந்தது. பக்கத்துத் தட்டில், சின்னக் கண்ணாடிச் சில்லின் மேல், பல்லை அடைக்கிற பசையைப் பிதுக்கி, அதில் கரண்டியையும் செருகி வைத்திருந்தார். கதவு திறந்ததால் காகிதப் பல் விலகிவிட்டது. இத்தனை பிள்ளைகள் சேர்த்து வைத்த வெயில் நேராக அறைக்குள் போய் அந்தத் தட்டின் மேல் விழுந்தது.

அந்தப் பசையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெளிச்சம் பட்டால் அது கல்லாகிவிடும். அதனால்தான் பல்லில் வைத்த பிறகு நீல விளக்கு அடிப்போம். இது பூட்டுக்கும் தெரியும். தினமும் வந்து என்னிடம் கேட்டுக் கேட்டு, எல்லாவற்றையும் கற்றுவைத்திருந்தாள்.

"யாரும் அசையாதீங்க!" என்று கத்தினாள் பூட்டு. ஒரு புள்ளிகூட அசையவில்லை.

நானும் என் பங்குக்கு வாசலிலேயே நின்று செருப்பைச் சரி செய்தேன், கைக்குட்டையைத் தேடினேன், அவசரமே இல்லாமல் இருமினேன். டாக்டர் கரண்டியை எடுத்தார். கரண்டியோடு பசை வந்தது, பசையோடு கண்ணாடிச் சில்லு வந்தது. மூன்றும் ஒரே பொருளாகிவிட்டிருந்தன.

"அடப் பாவிங்களா!" என்றார் டாக்டர். "புது டியூப் நாளைக்குத்தான் வரும்."

பூட்டு தன் கண்ணாடியால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு பீறிட்டது, சிரித்ததில் காற்று பட்டுப் பல் சுரீரென்றது. டாக்டர் அந்தக் கரண்டியைத் தூக்கிக் காட்டி என்னிடம் சொன்னார்: "சிரிங்க அக்கா. இன்னிக்கு அடைச்சிருக்கலாம். இன்னும் நாள் போனா அடைக்க அங்க பல்லே இருக்காது." புது டியூப் வந்த பிறகு எனக்கு ஏதாவது ஒரு வேலை வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் தேதி அறிவித்துவிட்டார்கள். முதல் படம் செவ்வாய்க்கிழமை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கியிருந்தாலும் மெல்ல ஒரே பக்கம்தான். பூட்டு தேதியைக் கேட்டுவிட்டு, "ஒத்தி வைப்பாங்க. வழக்கமா வைப்பாங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

திங்கட்கிழமை மெக்கானிக் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குச் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. பூட்டின் வலது கன்னம் கண்ணுக்குக் கீழே வரை வீங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், நெருப்பாகச் சுட்டது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். அழக்கூட இல்லையாம், அழுதால் வாய் திறக்குமே என்று.

டாக்டர் விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டார். "சீழ் வச்சிருக்கு. இன்னிக்கே எடுக்கணும். நாளைக்குன்னு பேச்சே இல்ல. வாயைத் திறக்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கணும்."

மெக்கானிக் மகளின் தலையைத் தடவினார். "திறம்மா. அப்பா சொன்னா கேப்பல்ல?"

பூட்டு தலையை ஆட்டி மறுத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். உதட்டிடுக்கிலிருந்து சத்தம் வந்தது. "படம் வரலையே ஆன்ட்டி."

நான் கற்றுக்கொடுத்த பாடம். எனக்கு வாய்தா வாங்குவதற்காக இந்தப் பிஞ்சின் வாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியை எங்கோ ஆகாயத்தில் தூக்கி எறிந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. பயமும் இருந்தது, அது ஒன்றும் குறையவில்லை.

"படம் கெடக்குது" என்றேன். "நான் உக்கார்றேன்."

போய் நாற்காலியில் சாய்ந்தேன். இத்தனை வருடம் துடைத்த நாற்காலி இவ்வளவு வழுக்கும் என்று தெரியாது. மேலே விளக்கு எரிந்தது. டாக்டர் வாய்க்குள் எட்டிப் பார்த்து, "இதை இனி அடைக்க முடியாது, எடுத்துர வேண்டியதுதான்" என்றார். டாக்டர் நிஜமாகவே கேட்டார், "அக்கா, ஓடிர மாட்டீங்களே?"

"சீக்கிரம் பண்ணுங்க டாக்டர், என் மனசு மாறிடும்."

பூட்டை அவள் அப்பா என் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்தார். ஊசி இறங்கியபோது நான் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டேன். லிஃப்ட் கம்பியைப் பிடித்துப் பழகிய மனிதர், அவரே "அம்மா" என்றார். பிறகு அந்தப் பக்கம் மரத்துப்போனது. இடுக்கி வந்தது, நான் நினைத்த அதே இடுக்கி, அசைத்ததும் நான் நினைத்த அதே பக்கம், நான் நினைத்த அதே சத்தம். நான் நினைக்காதது ஒன்றுதான்: அது சட்டென்று முடிந்துவிட்டது.

பூட்டு எழுந்து வந்து என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "வலிச்சுதா?"

பஞ்சைக் கடித்தபடி, பாதி உதடு தொங்க, எச்சில் ஒழுக, மரக்காமல் இருந்த பாதி நாக்கை வைத்துச் சொன்னேன். "ஊஷி வலிச்சுது. எறும்பெல்லாம் இல்ல. நல்லாவே வலிச்சுது. அப்புறம் வலிக்கல."

அவள் யோசித்தாள். என்னைத் தள்ளி எழுப்பிவிட்டு நாற்காலியில் ஏறினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். ஊசிக்கு அவள் போட்ட அலறலில் ஹாலில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் அமைதியாகிவிட்டார்கள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதேன். எனக்கு மரத்திருந்தது முகம் மட்டும்தானே.

முடிந்த பிறகு இரண்டு பேரையும் ஹால் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஆளுக்கொரு பஞ்சு. "நல்லா கடிச்சுக்கங்க. நான் சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார் டாக்டர். பூட்டு என் மடியில் சாய்ந்துகொண்டாள். அவள் உடம்பிலிருந்த சூடு கொஞ்சம் இறங்கியது போல எனக்குத் தோன்றியது. மெக்கானிக் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது டாக்டரின் ஃபோன் சிணுங்கியது. பார்த்தவர் அப்படியே பெஞ்சின் முன் மண்டியிட்டுவிட்டார். நாளைக்கு என்று சொன்னவர்களுக்குப் பொறுக்கவில்லை போல, ஒரே ஒரு படத்தை மட்டும் இன்றைக்கே வெளியிட்டுவிட்டார்கள். டாக்டர் ஃபோனை எங்கள் முன்னால் நீட்டினார்.

கருப்பே தெரியாத அளவுக்கு வெளிச்சம். பொன்னும் சிவப்புமாக, சுருளாகவும் கீற்றாகவும், ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரக் கூட்டமாம். கையை நீட்டி ஒரு மணல் துணுக்கைப் பிடித்தால் வானத்தில் எவ்வளவு மறையுமோ, அந்த இடத்துக்குள்தான் இவ்வளவுமாம். இது வரவே கூடாது என்று நான் எத்தனை காலையில் வேண்டியிருக்கிறேன்!

பூட்டு என் மடியிலிருந்து எழுந்தாள். அவள் வாய் தானாகத் திறந்தது, நாங்கள் எவ்வளவு கெஞ்சியும் திறக்காத அளவுக்கு அகலமாக. பஞ்சு என் மடியில் விழுந்தது.

"வாயை மூடு!" என்று கத்தினார் டாக்டர். அந்த மருத்துவமனையில் அதை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவள் மூடவில்லை. நானும் மூடவில்லை.